கேமராவோடு சிங்கப்பூர் வரும் தம்பி, தங்கைகளுக்கு



சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் கோவையிலும் கட்டடக்கலை படிக்கிறவர்கள், படித்து முடித்துக் கேமராவையே தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள், ஊர்ப் புகைப்படச் சங்கத்தோடு வாரக் கடைசியில் தெருத்தெருவாக நடக்கிறவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். சிங்கப்பூர் வருவதற்கு டிக்கெட் எடுத்தவுடன் நீங்கள் எழுதிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “அண்ணா, போட்டிக்கு அனுப்புற மாதிரிக் கட்டடப் படம் அங்க எங்க கிடைக்கும்?” ஆளுக்கொரு பதில் எழுதுவதைவிட, மனத்தில் இருப்பதை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மரினா பே. மோஷே சஃப்டி வடிவமைத்த மரினா பே சேண்ட்ஸ் 2010இல் திறந்தது. அந்த மூன்று கோபுரங்களையும் அவற்றின் தலைமேல் கிடக்கும் 340 மீட்டர் நீள மாடித் தோட்டத்தையும் யாரும் எடுக்காத கோணம் என்று ஒன்று இனி மிச்சமில்லை. எஸ்பிளனேட்டின் முள்முள்ளான கூரை, கரையோரப் பூந்தோட்டங்களின் மரக்கோபுரங்கள், சாங்கி ஜூவலுக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவி எல்லாம் அப்படித்தான். போய்ப் பாருங்கள், வீட்டில் காட்ட எடுங்கள். அழகான இடங்கள்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அவற்றை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதை வடிவமைத்தவரே முடிவு செய்து வைத்துவிட்டார். அந்த இடத்தில் நின்று ஷட்டரை அழுத்துகிறவருக்குச் சொல்ல ஒன்றும் மீதமில்லை. நடுவர் நாற்காலியில் இருப்பவர் அதே படத்தை உங்களுக்கு முன்னால் நூறு பேரிடம் பார்த்திருப்பார்.

கட்டடப் படங்களுக்கென்றே உலக அளவில் நடக்கும் ஆர்கிடெக்சுரல் ஃபோட்டோகிராஃபி அவார்ட்ஸ் போட்டியின் பிரிவுகளை ஒருமுறை பாருங்கள். வெளிப்புறம், உட்புறம் என்ற இரண்டும் எல்லோரும் எதிர்பார்ப்பவை. அவற்றோடு ‘இடத்தின் உணர்வு’ என்று ஒரு பிரிவும், ‘பயன்பாட்டில் இருக்கும் கட்டடம்’ என்று ஒரு பிரிவும் இருக்கின்றன. பயணம் போகிறவருக்கு வாசல் திறந்திருப்பது இந்த இரண்டில்தான் என்பது என் உறுதியான எண்ணம். கட்டடம் நிற்கிற மண், அதன்மேல் விழுகிற வெயில், அதைக் கட்டிய கை, அதில் புழங்குகிற ஆள். இவற்றை அறிந்தவரின் படத்துக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. சிங்கப்பூரைப் பொறுத்தவரை இந்த அறிவில் பெரும்பங்கு உங்களுக்கு ஏற்கெனவே உண்டு. இந்த ஊரின் பழைய கட்டடங்களில் பலவற்றைக் கட்டியவர்களும் கட்டுவித்தவர்களும் உங்கள் கடற்கரையிலிருந்து கப்பலேறியவர்கள். இன்றைய கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவர்களும் உங்கள் மாவட்டத்துக்காரர்கள். ஐரோப்பாவிலிருந்து விலையுயர்ந்த லென்ஸோடு வந்து இறங்கும் புகைப்படக்காரருக்கு இது கிடையாது.

எனவே ரயிலேறி லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்குங்கள். நாங்கள் தேக்கா என்று சொல்லும் பகுதி இதுதான். நகர மறுசீரமைப்பு ஆணையம் 1989 ஜூலை 7 அன்று சைனாடவுன், கம்போங் கிளாம் போன்ற வட்டாரங்களோடு இதையும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அரசிதழில் அறிவித்தது. அதனால்தான் சிராங்கூன் சாலையின் இரு பக்கமும் இரண்டு மாடிக் கடைவீடுகள் இன்னும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. கீழே கடை, மேலே வீடு, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், நடுவில் வானம் தெரியும் முற்றம். காரைக்குடிப் பக்கம் வளர்ந்தவருக்கு இந்த முற்றத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடைவீட்டின் உயிர் அதன் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் இருக்கிறது. ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்திலேயே ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் மூடிய நடைபாதை விட வேண்டும், அது தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க மேல்மாடியே கூரையாகிறது. பூக்கடை, கிளி ஜோசியர், தையல் இயந்திரம், காய்கறிக் கூடை எல்லாம் குடியேறிய இடம் இது. கட்டடத்துக்கும் தெருவுக்கும் நடுவே, இரண்டுக்கும் சொந்தமான ஓர் இடம்.

இங்கே வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வருகிறவர்களில் பாதிப் பேர் தடுமாறுவது இதில்தான். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்று அதிகமாக வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுக்கச் சூரியன் காலை 7 மணியை ஒட்டி எழுந்து மாலை 7 மணியை ஒட்டி விழுகிறது. மார்ச், செப்டம்பரில் நண்பகலில் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். உங்கள் நிழல் உங்கள் காலடிக்குள் போய்விடும். “பத்து மணிக்கு மேல் கேமராவைப் பையில் போடு” என்று நமக்கு எல்லோரும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதை இந்த ஊரில் ஏற்க மாட்டேன். ஐந்தடி நடைபாதைக்கு நண்பகல்தான் நல்ல நேரம்.

கேம்பல் லேனில் ஒரு பூக்கடை ஓரம் அந்த நேரத்தில் நின்று பாருங்கள். நேர் வெயில் நடைபாதைக்குள் நுழையாது. தெருவின் தரைமேல் விழுந்து தெறித்து, கீழிருந்து மேலாக உள்ளே வரும். கடைக்காரரின் முகத்தைவிட நாடிக்கு அடிப்பக்கம் பிரகாசமாக இருக்கும். தொங்கும் மல்லிகைச் சரங்களின் வயிற்றுப்பக்கம் ஒளிர்ந்து மேல்பக்கம் மங்கும். எதிரே மஞ்சள் வண்ணம் பூசிய சுவர் இருந்தால் நடைபாதையின் வெள்ளை விதானம் முழுக்க இளமஞ்சள் ஏறிவிடும். நார் சுற்றும் விரல்களின் நிழல் அந்த விதானத்தில் ஆடும். லூசியன் எர்வே என்ற ஹங்கேரியில் பிறந்த புகைப்படக்காரர் லெ கொர்பூசியேவின் சண்டிகர் கட்டடங்களை எடுத்தவிதம் நினைவுக்கு வரும். கொடும் வெயிலை விட்டு ஓடாமல், நிழலையே ஒரு கட்டுமானப் பொருளாக ஃப்ரேமுக்குள் வைத்தவர் அவர். அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்திக்கு வேறு கணக்கு. சூரியன் இங்கே ஏறக்குறைய நேர்க்கோட்டில் இறங்குவதால், விழுந்த பிறகு வானம் நீலமாக இருப்பது சுமார் 20 நிமிடம்தான். அந்த நேரத்தில் ஒரே ஒரு கட்டடத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேக்காவில் அது கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையமாக இருக்கட்டும். 2015 மே மாதம் திறந்த நான்கு மாடிக் கட்டடம் இது. வட இந்தியப் படிக்கிணறுகளின் வடிவத்தை முகப்பாக்கியிருக்கிறார்கள். பகலில் ஒளி ஊடுருவும் பலகைகள் ஒரு திரையாக மறைத்து நிற்கும். உள்விளக்குகள் எரிந்ததும் அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் ஓவியச் சுவர் துலங்கத் தொடங்கும். வானத்தின் வெளிச்சமும் உள்விளக்கின் வெளிச்சமும் சமமாகும் சில நிமிடங்களில் இரண்டு முகமும் ஒரே படத்தில் கிடைக்கும். ட்ரைபாடை 6.45க்கே நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வருகிறவர்கள் மழையைப் பார்த்து அறைக்குள் உட்கார வேண்டாம். மழை நின்ற அரைமணி நேரத்தில் தெரு கண்ணாடியாகிவிடும். அப்போது நீங்கள் வானத்தை வெட்டிவிட்டு, கடைவீடுகளின் பாதியைத் தரையிலிருந்தே எடுக்கலாம்.

வீரமாகாளியம்மன் கோயில், சிராங்கூன் சாலையின் வடமேற்குப் பக்கத்தில் தென்கிழக்கு பார்த்து நிற்கிறது. எதிர்வரிசைக் கடைவீடுகள் தாழ்வாக இருப்பதால் காலை வெயில் கோபுரத்துக்குத் தடையில்லாமல் வந்து சேரும். கோபுரம் நமக்குப் பழக்கமானது என்பதால் நாம் அதைப் பார்ப்பதேயில்லை, வண்ணம் நிறைந்த ஒரு முக்கோணமாக எடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். இங்கே கோபுரத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். பின்னால் அடுக்குமாடி வீடுகளில் மூங்கில் கழியில் துணி காய்கிறது, பக்கத்தில் பேருந்து நிறுத்தம், முன்னால் பச்சை விளக்குக்குக் காத்திருப்பவர்கள் செருப்பை அவிழ்க்காமலே கும்பிடு போடுகிறார்கள். மயிலாப்பூரில் கிடைக்காத படம் அது. இன்னும் சற்று வடக்கே போனால் சீனிவாசப் பெருமாள் கோயில். 1978இல் தேசிய நினைவுச்சின்னமானது, கோபுரம் 20 மீட்டர் உயரம். தைப்பூசக் காவடிகள் இங்கிருந்துதான் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் புறப்படுகின்றன. அன்று கூட்டத்தைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். காவடி வாசலைக் கடக்கும் அந்த நொடியில் வாசலின் உயரமும் காவடியின் உயரமும் ஒன்றையொன்று அளப்பதை எடுங்கள். அங்கே கட்டடம் வேலை செய்கிறது.

டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கிறது. இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்த முகப்பு இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். வழக்கறிஞர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த ஷேக் அப்துல் கஃபூரின் பெயரைத் தாங்கியது. 1907இல் கட்டத் தொடங்கினார்கள். வாசலுக்கு மேலே ஒரு சூரியன் கதிர் விரித்திருக்கும். கதிர்கள் 25. ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில். ஐரோப்பியத் தூண், இஸ்லாமிய வளைவு, தென்னிந்திய மசூதிகளில் பார்க்கும் சின்னச் சின்ன ஸ்தூபிகள் எல்லாம் ஒரே சுவரில் சண்டையில்லாமல் இருக்கின்றன. வைட் ஆங்கிளைக் கழற்றி வைத்துவிட்டு 85 அல்லது 135 மி.மீ. லென்ஸால் அந்தச் சூரியனை மட்டும் எடுத்துப் பாருங்கள். தொழுகை நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள்.

கெர்பாவ் ரோட்டில் 1900இல் கட்டிய டான் டெங் நியா வீடு இருக்கிறது, இந்த வட்டாரத்தில் மிஞ்சிய கடைசிச் சீன மாளிகை. அதன் இன்றைய வானவில் வண்ணங்கள் பிற்காலத்தவை. எல்லோரும் அதன்முன் நின்று எடுத்துக்கொள்கிறார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். சுவரோவியங்களுக்கும் இதையே சொல்வேன். ஓர் ஓவியத்தைப் படமெடுத்தால் அது அந்த ஓவியரின் படம்.

மிச்சப்படுத்திய அந்த நேரத்தில் பெட்டேன் ரோடு வரை நடங்கள். 1930இல் ஈ. வி. மில்லர் வடிவமைத்த 18 வரிசை வீடுகள். தூண்களிலும் சுவரிலும் பூ வேலைப்பாடு கொண்ட பீங்கான் ஓடுகள். வரிசையின் ஓரத்தில் நின்று ஐந்தடி நடைபாதையின் உள்ளே பார்த்தால் தூண் தூணாகப் பின்வாங்கிக்கொண்டே போகும். ஒரே மாதிரி வீடுகள் என்று முதலில் தோன்றும். பூந்தொட்டியும் செருப்பு அலமாரியும் சாமி மாடமும் ஒவ்வொரு வாசலையும் வேறாக்கியிருப்பது பிறகுதான் தெரியும்.

இந்த நகரத்தின் சுவர்களுக்குள் இருக்கும் நம் கைகளைப் பற்றிக் கட்டடக்கலை மாணவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசை. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை நீங்கள் சுற்றுலாப் பட்டியலில் ஒரு வெள்ளை ஆங்கிலத் தேவாலயமாகப் பார்த்திருப்பீர்கள். 1856இல் அடிக்கல் நாட்டி 1862இல் அர்ப்பணித்தார்கள். வரைந்தவர் ரானல்ட் மெக்பர்சன் என்ற ராணுவ அதிகாரி. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே சிறையில் இருந்த கைதிகள். அதன் பூச்சுக்குப் பெயர் மெட்ராஸ் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கரும்புச் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் கலந்து, பூசிக் காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குகிற வேலை. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தவருக்கு இந்தச் செய்முறை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர் தெரியாத கைதிகள் தங்கள் ஊர்க் கைவேலையை அந்நியர் கோயிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு அந்தப் பேராலயத்தின் கூம்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருவர் திரும்ப முடியுமா? சுவருக்கு அருகே போவார். சாய்ந்த வெயிலுக்குக் காத்திருப்பார். ஊர் திரும்பியதும் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வளவுக்குப் போய் அங்கேயும் ஒரு சுவரை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். போலரைசரை அப்போது கழற்றிவிடுங்கள், சுண்ணத்தின் பளபளப்பைக் கொல்வதே அதுதான். ஒரு கடலின் இரு கரையிலும் ஒரே சுவர் என்ற அந்த இரட்டைப்படத்தை இதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை. உங்களில் ஒருவர் எடுத்தால் மிகவும் மகிழ்வேன்.

இதே இழை நகரம் முழுக்க ஓடுகிறது. 1819இல் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்த நாராயண பிள்ளை முன்னின்று 1827இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது. சற்றுத் தள்ளி, தென்னிந்தியச் சூலியா முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசல், எண்கோண மினார்கள் இரண்டோடு. கோபுரத்தையும் மினாரையும் ஒரே ஃப்ரேமில் வைக்கத் தெருவின் எதிர்ப்பக்கம் இடம் இருக்கிறது. மாரியம்மன் கோயிலுக்கு 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன் தமிழகத்திலிருந்து வந்த சிற்பிகள் கோபுரத்தைப் புதுப்பித்தார்கள். தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நம் நாகூர் தர்காவின் நினைவாக 1828 முதல் 1830 வரை கட்டிய தர்கா. அதே தெருவில் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் குச்சுப் பள்ளி என்று பெயர் பெற்ற அல் அப்ரார் பள்ளிவாசல். அந்தத் தெரு அப்போது கடற்கரை. கரை இறங்கியவுடன் முதல் வேலையாக நன்றி சொல்லக் கட்டியவை இவை. இன்று கடல் எங்கோ போய்விட்டது, பின்னால் வங்கிக் கோபுரங்கள். தர்காவின் சிறு மினார்களுக்கும் அந்தக் கண்ணாடிச் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் கடல் இருந்தது என்பதை எப்படிப் படத்தில் சொல்வது? இதைத்தான் நான் உங்களிடம் கேள்வியாக வைக்கிறேன். எனக்கு இன்னும் திருப்தியான விடை அகப்படவில்லை.

தேக்காவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் சுல்தான் பள்ளிவாசல். டெனிஸ் சான்ட்ரி வடிவமைத்து 1932இல் முடிந்தது. பொன்னிறக் குவிமாடத்தை எல்லோரும் எடுப்பார்கள். நீண்ட லென்ஸால் குவிமாடத்தின் அடியில் ஓடும் கறுப்பு வளையத்தை எடுங்கள். அது கண்ணாடிப் பாட்டில்களின் அடிப்பாகங்களை வரிசையாகப் பதித்தது. பணம் கொடுக்க வசதியில்லாத ஏழை முஸ்லிம்கள் பாட்டில்களைக் கொடுத்தார்கள், அவர்கள் பங்கும் குவிமாடத்தில் ஏற வேண்டும் என்பதற்காக. வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது ஒவ்வொரு பாட்டிலின் வட்டமும் தனித்தனியாக மினுங்கும். ஒரு சமூகத்தின் கணக்குப் புத்தகம் அந்த வளையம்.

இனி ஞாயிற்றுக்கிழமை. தேக்காவை எடுக்க வருகிறவர்கள் கூட்டத்துக்குப் பயந்து ஞாயிறைத் தவிர்க்கிறார்கள். நான் ஞாயிறுக்குத்தான் வரச் சொல்வேன். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், ராமநாதபுரத்துத் தம்பிகளும் வங்காளதேசத்துத் தோழர்களும் ஆயிரக்கணக்கில் வந்து சேரும் நாள் அது. ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், சிம் கார்டு வாங்குவார்கள், புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், வீடியோவில் பிள்ளையிடம் பேசுவார்கள். நீங்கள் மரினா பேயில் வியந்து பார்த்த உயரங்களில் கம்பி வளைத்தவர்கள், சென்ட்ரிங் அடித்தவர்கள், கான்கிரீட் போட்டவர்கள் இவர்கள் போன்றவர்கள்தான். ஒருவர் அருகே உட்கார்ந்து, “அண்ணே, நீங்க எந்த பில்டிங்ல வேலை பார்த்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதில் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்காது. எந்தத் தளத்தில் பலகைகளின் தடம் கான்கிரீட்டில் பதிந்திருக்கிறது, எந்தப் படிக்கட்டை இரண்டாம் முறை போட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அவருக்கு விருப்பமும் நேரமும் இருந்தால், அவர் கட்டிய கட்டடத்தின்முன் அவரை நிறுத்தி எடுங்கள். கட்டியவரும் கட்டடமும் ஒரே சட்டகத்தில். இப்படிப் பத்துப் படங்கள் இருந்தால் அது ஒரு தொடர், எந்த மேடையிலும் தலைநிமிர்ந்து வைக்கலாம். அவரிடம் அவர் மொழியில் கேட்க உங்களால் முடியும்.

ஆனால் கேட்காமல் எடுக்காதீர்கள். 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு தமிழகத் தொழிலாளி பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்ததும், அதைத் தொடர்ந்த கலவரமும் இந்த வட்டாரத்தின் வரலாற்றில் இருக்கின்றன; அதை மறந்து இங்கே கேமராவை நீட்டக் கூடாது. தூரத்திலிருந்து டெலி லென்ஸால் களைத்த முகங்களைத் திருடி, ‘வெளிநாட்டில் தனிமை’ என்று தலைப்புப் போட்டுப் போட்டிக்கு அனுப்பும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன். வாரத்தின் ஒரே ஓய்வு நாளில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்த மனிதர் அவர். அவர் விரும்பும் முகத்தோடு படத்தில் வர அவருக்கு உரிமை உண்டு.

புதிய கட்டடங்களும் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு. உலகக் கட்டடக்கலை விழா 2012 முதல் 2015 வரை சிங்கப்பூரில்தான் நடந்தது. 2015இல் ஆண்டின் சிறந்த கட்டடமாக அங்கே தேர்வானது இந்த ஊரின் இன்டர்லேஸ் குடியிருப்பு. ஆறு மாடித் தொகுதிகள் 31ஐப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கியது. தனியார் குடியிருப்பு என்பதால் வெளியிலிருந்துதான் எடுக்கலாம். 2018இல் அதே விருதைப் பெற்ற கம்போங் அட்மிரல்ட்டிக்குள் யாரும் போகலாம். வோஹா நிறுவனத்தின் வடிவமைப்பு. முதியோருக்கான வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி, கீழே திறந்த சதுக்கம், மேலே படிப்படியான தோட்டம். காலையில் சதுக்கத்தில் தாத்தா பாட்டிகள் உடற்பயிற்சி செய்யும்போது மேல்தளத்திலிருந்து பாருங்கள். விருது வாங்கியதற்கான காரணம் ஆள்களோடு சேர்ந்து தெரியும்.

இடிந்துபோனவற்றைப் பற்றியும் எழுத வேண்டும். தேக்காவுக்குத் தெற்கே ரோச்சோர் சென்டர் என்று 1977இல் எழுந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடித் தொகுதி இருந்தது. புளோக்குக்கு ஒரு வண்ணம் அடித்து, தொலைவிலிருந்தே கண்ணைப் பறிக்கும். வடக்கு–தெற்கு வழித்தடத்துக்காக 2016க்குள் காலி செய்யப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. 1976இல் கட்டிய 38 மாடிப் பேர்ல் பேங்க், குதிரை லாட வடிவில் நின்ற அந்த மாபெரும் குடியிருப்பும் போய்விட்டது. 1973இல் எழுந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் தப்பித்தது. 2021இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். டேரன் சோ என்ற சிங்கப்பூர்ப் புகைப்படக்காரர் இப்படிப்பட்ட கட்டடங்களைப் பல ஆண்டுகளாக, வீடு வீடாகப் பெயர் எழுதுகிறவரின் பொறுமையோடு எடுத்துவருகிறார். சுதந்திரத்துக்குப் பிந்தைய கட்டடங்களின் படங்களை 2018இல் நூலாக்கினார். அவர் படங்களில் வித்தை ஏதும் கண்ணில் படாது. கேமரா மட்டமாக இருக்கும், செங்குத்துக் கோடுகள் நேராக இருக்கும், வெளிச்சம் அமைதியாக இருக்கும். கட்டடம் தன் முழு உடம்போடு நிற்கும். டில்ட்-ஷிப்ட் லென்ஸ் இல்லாதவர்கள் பக்கத்து அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கு ஏறி, பாதி உயரத்திலிருந்து எடுத்தால் அதே நேர்மை கிடைக்கும்.

இப்படிக் கட்டடங்களைப் பதிவு செய்வதற்கு முன்னோடி நம் மண்ணிலேயே உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சையையும் காகித நெகட்டிவில் எடுத்தார். பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஏறக்குறைய 6 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். அவர் எடுத்தபோது திருமலை நாயக்கர் மகால் சிதைந்து கிடந்தது. நேப்பியர் பிரபு கவர்னராக வந்து பழுதுபார்க்கச் சொன்னது அதற்குப் பிறகுதான். சீரமைப்புக்கு முன் மகால் எப்படி இருந்தது என்று நாம் இன்று பார்ப்பது அவர் தயவில். அவருக்கு யாரும் அதற்குப் போட்டி வைக்கவில்லை. ஆனாலும் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அந்தப் படங்களைச் சுவரில் மாட்டின.

கடைசியாகச் சில காரியங்கள். ஐந்தடி நடைபாதையில் ட்ரைபாடை விரிக்காதீர்கள், மற்றவர் நடக்கும் வழி அது. தூணில் சாய்ந்து மூச்சைப் பிடித்து எடுங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிவு செய்யாமல் பறக்கவிடுவது இங்கே குற்றம், பறக்கவிடக் கூடாத பகுதிகளும் நிறைய உண்டு. கோயிலுக்குள் அர்ச்சகரிடமோ அலுவலகத்திலோ கேட்டுவிட்டு எடுங்கள், கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து அதையே காலை, நண்பகல், அந்தி என்று எடுப்பது, பத்து இடங்களை ஓடி ஓடி எடுப்பதைவிட உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

படத்தில் முகம் தெரிகிறவருக்கு ஒரு பிரதி போய்ச்சேர வேண்டும். ஊர் திரும்பிய பிறகு நல்ல தாளில் அச்சிட்டு, பின்பக்கம் அவர் பெயரும் எடுத்த இடமும் எழுதி எனக்கு அனுப்புங்கள். பூக்கடையோ, மளிகைக் கடையோ, தொழிலாளர் விடுதியோ, கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. வருவதற்கு ஒரு வாரம் முன்னால் எழுதினால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு வீரமாகாளியம்மன் கோயிலுக்கு எதிரே இருப்பேன், டன்லப் ஸ்திரீட் வரை சேர்ந்தே நடப்போம்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து உங்கள் அண்ணன்,
ஒரு கட்டடப் புகைப்படக்காரன்